சிக்னல் சாட்சி

என் அண்ணனிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது என்னைப் பற்றித்தான். கிளட்ச், கியர் எல்லாம் அப்புறம். முதல் நாள் வண்டி விக்கி விக்கிப் பெரிய சாலையை எட்டும். முதல் சிவப்பு விளக்கில் நின்றதும் பக்கத்து இருக்கையிலிருந்து அண்ணன் ஆரம்பிப்பார். "எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. சின்ன வயசுலேருந்தே வலிப்பு." பின்னால் நிற்கிற பஸ்காரன் எப்போது ஹாரன் அடிப்பானோ என்று ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறவர் என்ன செய்வார்? கேட்பார். நடுரோட்டில் இறங்கி ஓடவா முடியும்?

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயத்த வகுப்பு நடக்கும். கடையிலோ பஸ்ஸிலோ வேலை செய்கிற இடத்திலோ யாராவது, "உனக்கு எப்படி இவ்வளவு நம்பிக்கை?" என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிக்கக் கூடாது. சட்டென்று சொல்ல ஒரு சாட்சி கையில் இருக்க வேண்டும். நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்லமாட்டேன். ஆளுக்கு ஆள் எழுந்து நின்று தன் சாட்சியைச் சொல்ல, பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "நீளமா இருக்கு பிரதர். கேக்கறவர் பஸ் ஏறிப் போயிடுவார்" என்பார். அவரவர் தங்கள் வேலைக்குத் தகுந்தாற்போல் வெட்டிச் சுருக்கிக்கொள்ள வேண்டும். அலுவலகம் போகிறவர்கள் லிப்டுக்குள் சொல்லி முடிக்கிற மாதிரி வைத்திருந்தார்கள். அண்ணன் சிக்னலுக்கு வைத்திருந்தார். ரயில்வே கேட்டுக்குக் கொஞ்சம் பெரியதாக இன்னொன்றும் உண்டு. ஆனால் எங்கள் பக்கம் மேம்பாலம் கட்டிவிட்டதால் அது பயன்படாமல் கிடந்தது.

முதலில் அவர் சொன்ன சாட்சி உண்மையானது. தங்கச்சிக்கு வலிப்பு, எந்த வைத்தியத்துக்கும் கட்டுப்படவில்லை, வீட்டில் எல்லோரும் முழங்காலில் நின்று அழுதோம், அதன் பிறகு ஒரு நல்ல டாக்டர் கிடைத்தார், அவர் மாத்திரையை மாற்றினார், வலிப்பு நின்றது, அந்த டாக்டரைக் காட்டினவர் கர்த்தர். இதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கமாட்டேன். சிக்கல் என்னவென்றால், டாக்டர் வருவதற்குள் பச்சை விழுந்துவிடும். கற்றுக்கொள்கிறவர் கியரைத் தேட ஆரம்பித்துவிடுவார். சாட்சி அந்தரத்தில் நிற்கும். அதனால் அண்ணன் முதலில் டாக்டரை எடுத்தார். டாக்டர் போன பிறகு அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று ஆனதால், மாத்திரையையும் எடுத்தார். எடுத்த இடம் காலியாகத் தெரிந்ததோ என்னவோ, "மாத்திரையெல்லாம் தூக்கி எறிஞ்சோம்" என்ற வரி தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

"யாரு எறிஞ்சா?" என்று கேட்டேன்.

"ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா. இதப் போய்ப் பெருசு பண்றியே."

"பேச்சுக்குன்னா நீங்க எறியுங்க. என் மாத்திரைய எதுக்கு எறியறீங்க?"

அண்ணி அவர் பக்கம். சபைக்காரர்கள் வீட்டுக்கு வந்து போகிறார்கள், அலமாரியில் மாத்திரை அட்டை கண்ணில் பட்டால் நன்றாகவா இருக்கும் என்று, என் மாத்திரைகளையெல்லாம் பிரித்து ஒரு வைட்டமின் பாட்டிலில் போட்டு வைத்தாள். அண்ணன் வீட்டில் இருக்கிறேன், அண்ணன் ஆபீஸில் வேலை செய்கிறேன். கத்துவேன், பிறகு அந்தப் பாட்டிலிலிருந்துதான் எடுத்து விழுங்குவேன்.

நான் விசுவாசம் இல்லாதவள் இல்லை. காலையும் மாலையும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் வாயில் போடுவேன். ஓடுகிற பஸ்ஸில், பள்ளிக்கூட வராந்தாவில், சொந்தக்காரர் கல்யாணத்தில் என்று கண்ட இடத்தில் விழுந்து, சேலை நனைந்து எழுந்தவளுக்குத்தான் ஒரு சின்ன மாத்திரை எவ்வளவு பெரிய கிருபை என்று தெரியும். யாராவது கேட்டால் சொல்ல என்னிடமும் ஒரு சாட்சி இருந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. வண்டி ஓட்டி முடித்து ஆபீஸுக்குள் வந்து, கண்காட்சியில் வைத்த பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு ஆள் பழைய கார் வாங்க வந்தவர் மாதிரி என்னைச் சுற்றிவந்து பார்த்தார்.

அப்படித்தான் தையல்காரியும் வந்தாள். சந்தைக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை போட்டுப் பள்ளிச் சீருடைகள் தைக்கிறவள். புருஷன் விட்டுப் போய்விட்டான். ஒரே மகள், ஆறாம் வகுப்பு. கார் எதற்குக் கற்றுக்கொள்கிறாய் என்று விண்ணப்பம் எழுதும்போது சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

"என் பொண்ணுக்கு வலிப்பு வரும்க்கா. டாக்ஸிக்காரங்க அவ கெடக்கற கோலத்தப் பாத்துட்டு ஏத்தமாட்டேங்கறாங்க. மாமா ஒரு பழைய வண்டி தர்றேன்னார். நானே ஓட்டிட்டுப் போயிடுவேன்ல?"

எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. முதல் வகுப்பு முடிந்து, முதுகெல்லாம் வியர்வையில் ஒட்ட, நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, சார் சொன்னது நீங்கதானா?"

"நான்தான். ஆனா அவரு சொன்னதுல பாதிதான்..."

அதற்குள் அண்ணன் சாவியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். "கேளுங்க சிஸ்டர், வாயால கேளுங்க. எத்தனை வருஷமாச்சு ஒரு தடவையாவது வந்திருக்கா?" அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்தி மரத்துப்போன விரல்கள். அந்தக் கண்களைப் பார்த்ததும் என் அம்மா ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக என்னைத் தூக்கிக்கொண்டு அலைந்த நாட்களில் அம்மாவுக்கு இப்படித்தான் கண் இருக்கும். யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுகிற கண்.

அடுத்த ஞாயிறே மகளைக் கூட்டிக்கொண்டு சபைக்கு வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாட்டு தெரியாமல் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார், சிக்னலைத் தாண்டிச் சபை வரை வந்தவள் இவள் ஒருத்திதான். நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். வரட்டும், தனியாக உட்காரவைத்து மெதுவாக எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள் மகளை ஆபீஸில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள். எப்போதோ விழுந்ததில் முன்பல் ஓரம் உடைந்த பெண். வாய் காது வரை. உட்கார்ந்ததும் விசாரணையைத் தொடங்கிவிட்டாள்.

"உங்களுக்கும் வருமாமே?"

"வந்துச்சு. இப்ப வர்றதில்ல."

"நாக்கக் கடிச்சுக்குவீங்களா?"

நாக்கை நீட்டி ஓரத்துத் தழும்பைக் காட்டினேன். அவளும் நீட்டிக் காட்டினாள். என்னுடையதைவிட அவளுடையது பெரிது என்பதில் அவளுக்கு ஒரே பெருமை. இரண்டு பேரும் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டார்.

"வர்றதுக்கு முன்னாடி எனக்கு ரப்பர் கருகற வாசன வரும். உங்களுக்கு?"

"எனக்கு வாசன வராது. எல்லாரும் தூரமாப் போயிடுவாங்க. பக்கத்துல இருக்கறவங்ககூட."

"அய்யோ, அது எனக்கும் வருமே!" என்று குதித்தாள். பிறகு காலை ஆட்டிக்கொண்டே சொன்னாள். "இனிமே வராது. அம்மா மாத்திரைய நிறுத்திட்டாங்க. மாத்திரை சாப்ட்டா எனக்குத் தூக்கம் தூக்கமா வரும், கணக்கே மண்டையில ஏறாது. இப்ப ஏறுது. நேத்து டீச்சர் கை தட்டினாங்க."

அம்மா எப்போது நிறுத்தியிருப்பாள், எத்தனை வேளை போயிருக்கும் என்று விரல் மடக்கி எண்ணினேன். தையல்காரி உள்ளே வந்ததும், மகள் இருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் கைப்பையிலிருந்து வைட்டமின் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இதுக்குள்ள இருக்கறது வைட்டமின் இல்ல. வலிப்பு மாத்திரை. இன்னிக்குக் காலையில சாப்ட்டேன். சாயந்திரமும் சாப்டுவேன். சாகற வரைக்கும் சாப்டுவேன். என்னை நம்பி உன் பொண்ணுக்கு நிறுத்தாத. இப்பவே வீட்டுக்குப் போயி மொதல்ல அவளுக்கு மாத்திரையக் குடு."

அவள் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள். அண்ணனும் அண்ணியும் வாசலில் நின்றிருந்தார்கள்.

என் அண்ணன் கெட்டவர் இல்லை. சின்ன வயதில் நான் விழும்போதெல்லாம் என் தலைக்கடியில் கையைக் கொடுத்துக் கொடுத்து, அவர் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருக்கும். அதனால்தான் அன்றைக்கு அவர் செய்ததை இன்றைக்கும் என்னால் செரிக்க முடியவில்லை.

"சத்து மாத்திரை சிஸ்டர்" என்றார் சிரித்தபடி. "பாட்டில்லயே போட்டிருக்கே."

"ஆமா, நான்தான் வாங்கிக் குடுத்தேன்" என்றாள் அண்ணி. "சமயத்துல இவளுக்கு இப்படி விசுவாசம் தளந்து போகும். என்னென்னமோ பேசுவா."

"அண்ணா, வெளையாடாதீங்க. இது ஒரு புள்ளையோட உயிரு."

அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த கைகழுவும் தொட்டிக்குப் போனார். அத்தனை மாத்திரையையும் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டார். வெள்ளை வெள்ளையாகச் சுற்றிக் கரைந்து ஓட்டைக்குள் போயிற்று. காலிப் பாட்டிலைத் தையல்காரியிடம் காட்டினார்.

"பாத்துக்குங்க சிஸ்டர். எந்த மாத்திரையா இருந்தா என்ன, இது இல்லாம என் தங்கச்சி இருப்பா. ஒண்ணும் ஆகாது. தினமும் வந்து நீங்களே உங்க கண்ணால பாருங்க."

அவள் முகம் தெளிந்துவிட்டது. "சரி சார். நான் பாக்கறேன். அக்காவுக்கு வரலேன்னா என் பொண்ணுக்கும் வராது. அக்காவுக்கு வந்துச்சுன்னா அந்த நிமிஷமே மாத்திரையக் குடுத்துடறேன்."

தெருவில் இறங்கி அவள் பின்னாலேயே ஓடினேன். அவள் நின்றாள். கோபம் இல்லை, என்மேல் பரிதாபம்தான்.

"ஒரே ஒரு தடவ டாக்டர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணு. நான் கூட வர்றேன்."

"டாக்டர் என்னக்கா சொல்வார்? வாழ்நாள் பூரா சாப்டணும்பார். எத்தன வருஷமா அதத்தானே சொல்றார். நீங்க நல்லா இருக்கீங்கல்ல? எங்களுக்கும் கொஞ்சம் விடுங்களேன்."

பாஸ்டருக்குப் போன் செய்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் உடனே மறுக்கவும் இல்லை, உடனே கிளம்பவும் இல்லை. "புது விசுவாசி. இப்ப போயி அதெல்லாம் பொய்னா மொத்தமா உடைஞ்சு போயிடுவாங்க. நான் பிரதர்கிட்ட பக்குவமாப் பேசறேன். கொஞ்சம் பொறும்மா" என்றார். அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடத்துக்கும் போனேன். நீங்கள் யார், அந்தப் பிள்ளைக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். அம்மாவைக் கூட்டிவாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பிடித்தார். "ஒரு ஆத்துமா வாசல் வரைக்கும் வந்து நிக்குது. நீ உள்ளேருந்து கதவச் சாத்தற. நல்லாருக்கா இது?"

"என்னை அந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனது யாரு?"

"நான்தான்."

"அப்ப?"

"ஜெபம் பண்ணாம அந்த டாக்டர் கெடச்சிருப்பாரா?"

"கெடச்சிருக்க மாட்டார். அதத்தான் சொல்லுங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கறேன். டாக்டரையும் சேத்து, மாத்திரையையும் சேத்துச் சொல்லுங்க."

"அவ்வளவும் சொல்ல எங்கம்மா நேரம் இருக்கு?" என்றார் அண்ணன். விளையாட்டாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது என் தலையணை மேல் ஒரு புதுப் பாட்டில் இருந்தது. வேறு வைட்டமின் பேர் போட்டது. உள்ளே என் மாத்திரைகள். அண்ணனே போய் வாங்கிப் பிரித்துப் போட்டு வைத்திருக்கிறார். "வேள தவறாம சாப்டு. அந்தம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்" என்று காதோடு சொன்னார். தன் தங்கச்சியை வைத்துச் சூதாட அவருக்கு மனம் வரவில்லை. ஊரான் பிள்ளை என்றால் கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கணக்கு ரொம்ப எளிது. நான் இதைச் சாப்பிட்டால் நன்றாக இருப்பேன். நான் நன்றாக இருந்தால் அந்தப் பெண்ணுக்கு மாத்திரை கிடையாது. நான் விழுந்தால்தான் அவளுக்குக் கிடைக்கும். அவள் விழுவதற்கு முன்னால் நான் விழ வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. செத்துப்போவதைக்கூட நினைக்கவில்லை, மறுபடி நாலு பேர் நடுவில் நனைந்து கிடப்பதைத்தான் நினைத்தேன். பாட்டிலை அலமாரியில் துணிகளுக்கு அடியில் திணித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அன்றிலிருந்து தையல்காரி தினமும் வந்தாள். வகுப்பு இல்லாத நாளிலும் கடைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருப்பேன். கண்ணாலேயே விசாரிப்பாள். நான் நன்றாக இருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் என் உடம்பின்மேல் எனக்கு வெறுப்பு வரும். வேண்டாத காலத்தில் கண்ட இடத்தில் கவிழ்த்த உடம்பு, இப்போது கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

விழுவதுபோல் நடிக்கலாம் என்றால், வருஷக்கணக்காக மகளைப் பார்த்த கண்ணை ஏமாற்ற முடியாது. நான் ஜெபம் செய்தேன். சின்ன வயதிலிருந்து எனக்கு வலிப்பு வரக் கூடாது என்று கேட்டவரிடமே, வர வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு வருவதற்கு முன்னால் எனக்கு வரட்டும், சீக்கிரம் வரட்டும், அந்தத் தையல்காரி வாசலில் நிற்கிற நேரமாகப் பார்த்து வரட்டும் என்று கெஞ்சினேன். கை லேசாக உதறியது. தூக்கம் போயிற்று. ஒரு முறை மேஜையும் போனும் தூரமாகப் போகிற மாதிரி இருந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஆவலாகக் காத்திருந்தேன். இரண்டும் பழையபடி பக்கத்தில் வந்துவிட்டன. வாய்விட்டு அழுதேன். என்னாயிற்று என்று டயர் கடைக்காரர் கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

அண்ணன் நான் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்றே நம்பிக்கொண்டிருந்தார். "பாத்தியா, ஒரு பிரச்சனையும் இல்ல. எல்லாத்துக்கும் பதறிட்டே" என்று தட்டிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சபையில் தையல்காரியை எழுப்பி நிறுத்திப் பேசச் சொன்னார்கள். அவள் அழுதுகொண்டே, மகள் கணக்கில் முதல் ஆளாக வந்ததைச் சொன்னாள். மகள் அந்தக் கணக்குத்தாளை மடித்துக் கையில் வைத்திருந்தாள். ஆராதனை முடிந்ததும் என்னிடம் ஓடிவந்து விரித்துக் காட்டினாள். குனிந்து அவள் காதில், "வாசன வந்துச்சுன்னா உடனே தரையில படுத்துடு. என்ன?" என்றேன்.

"இனிமே வராதுன்னாங்களே" என்றாள்.

"வந்தா."

"சரி." என் சமாதானத்துக்காகத்தான் சொன்னாள்.

செவ்வாயோ புதனோ, சாயந்திரம் ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தேன். தையல்காரி.

"அக்கா, சார் இருக்காரா? ஜெபம் பண்ணச் சொல்லுங்கக்கா. எல்லாரையும் ஜெபம் பண்ணச் சொல்லுங்க."

மகள் பள்ளி விட்டு வந்து குளிக்கப் போயிருக்கிறாள். சிமென்ட் தொட்டியில் தண்ணீர் நிரப்பி உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கிறாள். தாழ்ப்பாள் போடவில்லை. எட்டிப் பார்த்திருந்தால் போதும். ஆனால் முன் அறையில், வீட்டில் வைத்திருக்கிற தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சீருடைகளை அன்றைக்கே கொடுத்தாக வேண்டும். மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் கிடந்தாள் என்று டாக்டர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதற்கு, "ரெண்டு சட்டைக்குக் காலர் வெச்சேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இரும்பு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. நாங்கள் போனபோது அவள் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. உள்ளே மெஷின்தான் மூச்சு விடுகிறது, மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்த நேரம் அதிகம், பிழைத்தாலும் பழைய பிள்ளையாக இருக்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதைச் சொன்ன நர்ஸுக்கே கண் கலங்கியது.

பாஸ்டர் வந்தார், அண்ணி வந்தாள். அண்ணன் சுவரோரமாக நின்று கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். தையல்காரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகம், கை, கால் என்று மேலிருந்து கீழே பார்த்தாள்.

"நீங்க நல்லாத்தானேக்கா இருக்கீங்க?"

நான் குனிந்து அவள் தோளைத் தொட்டேன்.

"உங்களுக்கு வரல. என் பொண்ணுக்கு மட்டும் வந்திருக்கு. எங்க நம்பிக்கையில என்னக்கா குற? நான்தான் புதுசு, எனக்கு ஒண்ணும் தெரியாது. அவ எல்லாப் பாட்டையும் கத்துக்கிட்டாளே."

"உன் நம்பிக்கையில ஒரு குறையும் இல்ல. மாத்திரை இல்ல, அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

"உங்களுக்கும்தானே இல்ல? என் கண்ணு முன்னாடி கொட்டினாரே."

பாஸ்டர் அண்ணனைப் பார்த்தார். அந்தப் பார்வையை அண்ணனால் தாங்க முடியவில்லை. சுவரை விட்டு வந்து அவள் முன்னால் மண்டியிட்டார். அவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, நேரம் பார்க்காமல் முழுதாகச் சொன்னார். டாக்டரைச் சொன்னார். மாத்திரை மாற்றியதைச் சொன்னார். பாட்டிலைச் சொன்னார். கொட்டியது வைட்டமின் இல்லை என்றார்.

"மறுநாளே புதுசா வாங்கிக் குடுத்துட்டேன் சிஸ்டர். அவ சாப்ட்டுக்கிட்டுத்தான் இருக்கா. அதான் அவளுக்கு வரல. என்னை மன்னிச்சிடுங்க."

தையல்காரி அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"சாப்ட்டீங்களா?"

"சாப்டல. ஒண்ணுகூட சாப்டல. நான் விழுந்தா நீ அவளுக்குக் குடுப்பேன்னுதான்..."

"பொய் சொல்லாதம்மா, இப்பவாவது" என்று அழுதார் அண்ணன். "சிஸ்டர், அவ சாப்ட்டா."

"திருட்டுத்தனமா முழுங்கிட்டு, தெனமும் என் முன்னாடி வந்து உக்காந்திருந்தீங்களா?" என்றாள் அவள். எழுந்துவிட்டாள். அளவு நாடா நழுவித் தரையில் விழுந்தது. "நான் வந்து வந்து பாத்தேனே. உங்க மூஞ்சியப் பாத்துட்டுப் பாத்துட்டுத்தானே வீட்டுக்குப் போனேன்."

இல்லை என்று சொன்னேன். அலமாரியில் துணிக்கடியில் பாட்டில் அப்படியே இருக்கிறது, வந்து பார் என்று சொன்னேன். சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று தெரியவில்லை. அவள் முகம் தூரமாகப் போயிற்று. அண்ணன் தூரமாகப் போனார். அந்த நீள வராந்தா முழுதும் என்னை விட்டுப் போவதைப் பார்த்தேன். வேண்டாம், இப்போது வேண்டாம் என்று நினைத்ததுதான் கடைசி.

கண் திறந்தபோது என் தலை ஒரு மடியில் ஒருக்களித்திருந்தது. யாரோ என் வாயோரத்து எச்சிலையும் ரத்தத்தையும் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவசரம் இல்லாமல், பழகின கையால், ஊசி குத்தி மரத்த விரல்களால். என் சேலை நனைந்திருந்தது. அதை யாரும் பார்க்காமல் அவள் தன் கால்களால் மறைத்திருந்தாள். நர்ஸ் ஓடிவந்து நகரச் சொன்னபோதும் நகரவில்லை. சற்றுத் தள்ளி அண்ணன் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் குனிந்து என் காதருகே கேட்டாள். திட்டவில்லை, கெஞ்சுகிற குரலில்தான் கேட்டாள்.

"இது போன வாரமே வந்திருக்கக் கூடாதாக்கா?"

எனக்கு எல்லாம் கேட்டது. நாக்குத்தான் இன்னும் திரும்பவில்லை.